தண்ணீர் வந்தால் பத்து நிமிடம் முன்னதாக

டைரியின் முதல் பக்கத்தில்
பசை காயாமல் ஒட்டியிருந்தது தாள்.

எட்டேகாலுக்குள் வந்தால் உப்புமா உண்டு,
எட்டு இருபதுக்குப் பாத்திரம் கவிழ்க்கப்படும்.
திங்கட்கிழமை நகம் பார்ப்போம்.
தட்டின் அடியில் பெயர் இருக்கட்டும்.
மணி வைத்த கொலுசு வேண்டாம்.
தினமும் பெற்றோர் கையெழுத்து, நீல மையில்.
சிவப்பு மை ஆசிரியருக்கு மட்டும்.

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன்.
என் பெயர் செங்கொடி.
அப்பா கட்சிக்காரர்,
பெயர் வைக்க அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்.
ஒவ்வோர் இரவும் கொசுவத்திப் புகையில் குனிந்து
செங்கொடி என்று நீலத்தில் எழுதுகிறேன்.

தட்டுக்கு நகப்பாலிஷ் எடுத்தேன்.
பிரகல்யா என்று எழுதி முடிப்பதற்குள்
புட்டி வறண்டது.
இன்று வரை தட்டுக்கடியில் அவள் பிரக.
சமையலக்காவும் அப்படியே கூப்பிடுகிறாராம்,
"பிரக, இன்னும் கொஞ்சம் சாம்பார்?"

தாளின் அடியில் ஒன்று மட்டும்
அச்சில் இல்லை.
அமலோற்பவம் டீச்சர் பேனாவால் எழுதியிருந்தார்:
வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள் முதல்
அக்கரைப் பிள்ளைகள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பவும்.
மதகுப் பாலம் வழியாக மட்டும்.
பெரியவர் ஒருவர் கூட வரவும்.

எந்தத் தேதி என்று போடவில்லை.
எப்படிப் போடுவார்?
மேட்டூரில் திறந்ததை டிவியில் பார்த்தோம்,
பூத் தூவினார்கள்.
நாங்கள் கடைமடை.
கல்லணையில் பிரிந்து
ஆறாகி, கிளையாகி, முறை வைத்து,
யார் யார் வயலிலோ படுத்து எழுந்துதான்
எங்கள் தெருவுக்கு வரும்.

அதுவரை வாய்க்கால்தான் பாதை.
வெடித்த மண், ஒற்றைச் செருப்பு, ஆட்டுப் புழுக்கை,
இறங்கி ஏறினால் நான்கு நிமிடத்தில் பள்ளி.
மதகைச் சுற்றினால் பதினான்கு.

காலையில் கண் விழித்ததும்
துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடுவாள்,
கரையில் நின்று எட்டிப் பார்ப்பாள்,
"இன்னைக்கும் வரல" என்று
பத்து நிமிடத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்வாள்.

நாற்றங்கால் வாய் பிளந்து கிடந்தது.
மோட்டார்காரர் மணிக்கு இவ்வளவு என்றார்,
குறைக்கச் சொன்னால் வானத்தைக் காட்டினார்.
தெருவே தலைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க
தண்ணீர் வரக்கூடாதென்று
வேண்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு.

பதினாறாம் நாள்.
காலை எட்டு பத்து.
இறங்கக் கால் வைத்தவள் நின்றாள்.
வளைவில்
சருகையும் தெர்மாகோலையும் முன்னால் தள்ளிக்கொண்டு
பழுப்பு நுரையோடு ஒரு நாக்கு.
வெடிப்புகளில் நின்று நின்று குடித்தபடி
எங்கள் நடை வேகத்தில் வந்தது.
ஒற்றைச் செருப்பு மெதுவாகக் கிளம்பியது.

நான் கைகூப்பினேன்.
"அம்மா, உப்புமா!" என்று
அவள் அழ ஆரம்பித்தாள்.

ஓடினோம், மதகைச் சுற்றி.
பாலத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள்,
வழிவிடுங்க என்று கத்தினேன்,
யாரோ சிரித்தபடி விட்டார்கள்.

எட்டு இருபத்து நான்கு.
பாத்திரம் கவிழ்ந்திருந்தது.
டீச்சர் வாசலில் நின்றார்,
கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எங்கள் கால்களைப் பார்த்தார்.
"வந்துடுச்சா?"
"வந்துடுச்சு டீச்சர்."
அவர் தாமதப் பதிவேட்டை நீட்டினார்.
விதி விதிதான், காரணம் எழுத வேண்டும்.
நீலப் பேனா தேடினார், கிடைக்கவில்லை.
கையில் இருந்ததைக் கொஞ்சம் தயங்கிக் கொடுத்தார்.

எனக்கு மேலே நான்கு வீட்டார்
ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்கள்,
ஒருவர் தன்னீர் என்று.
தண்ணீர் வந்துவிட்டது என எழுதி
பக்கத்தில் செங்கொடி என்று போட்டேன்,
சிவப்பில்.

அன்றிரவு அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன்.
இருட்டில் தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்தவள்
"தண்ணி எப்பம்மா நிக்கும்?" என்றாள்.

தையில் என்று தெரியும்.
முதல் நாளே அதைச் சொல்வார்களா?
தூங்கு, நாளைக்கு நகம் பார்ப்பாங்க என்றேன்.